மாரிக்கு முன் நாலு குழி

மாரிக்குத் தோட்டத்தை ஆயத்தம் செய்வது எங்கள் வீட்டில் ஒருநாளும் என் வேலையாக இருந்ததில்லை. அது மனைவியின் இலாகா. நான் முப்பத்தொரு வருடம் திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியும். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்கக்கூடாது. தம்பலகாமத்தில் இருக்கும் இரண்டு ஏக்கர் வயலும் அதையொட்டிய தோட்டமும் வீடும் அவளுக்குச் சீதனமாக வந்தவை. ஆவணி பிறந்ததும் திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டுத் திறப்பை என் கையில் தந்துவிட்டு அங்கே போய்விடுவாள். மழை விழுந்து பயிர் தலையெடுத்த பிறகுதான் திரும்புவாள். சனி ஞாயிறுகளில் நான் போய், அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று தோட்டத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு வருவேன்.

இந்த வருடம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மாசி மாதம் அவளுடைய வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பங்குனியில் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு மருந்து ஏற்றுகிற காலம். தலைமயிர் கொட்டியது, வாயெல்லாம் புண் வந்தது, தேத்தண்ணியின் மணம்கூட அவளுக்குப் பிடிக்காமல் போனது. ஆவணி நடுவில் கடைசி மருந்தும் ஏற்றி முடிந்தது. கார்த்திகைக் கடைசியில் எல்லாப் பரிசோதனையும் திரும்ப எடுத்துப் பார்ப்போம், அதற்குப் பிறகுதான் எதையும் சொல்லலாம் என்றார் டொக்டர். வலது கையால் பாரம் தூக்கக்கூடாது, அந்தக் கையில் முள் கீறினால்கூட வீங்கிவிடும், மண்ணில் கை வைக்கவே கூடாது என்று தாதி நீளமாகச் சொன்னார். இவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். வெளியே வந்து முச்சக்கரவண்டியில் ஏறி உட்கார்ந்ததும், "அப்ப தம்பலகாமத்துக்கு எப்ப போறம்?" என்று கேட்டாள்.

"விசர்க் கதை கதையாதையும்," என்றேன்.

"நான் ஒண்டும் செய்யன். கதிரையில இருந்து சொல்லுவன். நீங்கள் செய்யுங்கோ."

அப்படித்தான் நான் அறுபத்திரண்டாவது வயதில் கமக்காரன் ஆனேன். தம்பலகாமத்து மாமரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை. தலையில் பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் அதில் இருப்பாள். நான் வெயிலில் நிற்பேன். என் சேவைக்காலத்தில் எத்தனையோ மேலதிகாரிகளைக் கண்டவன் நான். இவளைப் போல ஒருவரையும் கண்டதில்லை. வீட்டைச் சுற்றி ஓடும் வாய்க்காலைத் துப்புரவாக்கினேன். வெள்ளம் எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரியாமல் மேட்டை நோக்கி வெட்டிவிட்டேன், திரும்ப வெட்ட வைத்தாள். வாழைகளுக்கு முட்டுக்கொடுத்தேன். மழைக்காலம் முழுவதும் எரிக்க விறகையும் தேங்காய்ப் பொச்சு மட்டையையும் குசினிக்குப் பின்னால் தாழ்வாரத்தில் அடுக்கினேன். மாரிக் காற்று முருங்கையை முறிக்கும் முன் நாங்களே முறித்துவிட வேண்டும் என்பது அவள் சட்டம். கொப்புகளைத் தறித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அழுகாமல் இருக்க, தறித்த வாய்களில் சாணியை அப்பினேன். என் கையை மணந்து பார்த்துக்கொண்டு நிற்க, அவள் கதிரையில் இருந்து சிரித்தாள். அவள் சிரித்து ஆறு மாதமாகியிருந்தது. அதற்காக இன்னும் பத்து முருங்கைக்குச் சாணி அப்பலாம் என்று நினைத்தேன்.

பெரும்போகத்துக்கு எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எப்போதைக்குள் விதைத்து முடிப்பது என்று விவசாயிகள் கூடித் தீர்மானிக்கும் கன்னக் கூட்டத்துக்கும் என்னையே அனுப்பினாள். நான் கந்தோர்ப் பழக்கத்தில் கூட்டக்குறிப்பு எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். யார் தலைமை வகித்தார், யார் நன்றியுரை சொன்னார் என்று இரண்டு பக்கம். அவள் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தாள்.

"தண்ணி எப்ப திறக்கினம் எண்டு எங்க எழுதியிருக்கு?"

அதை மட்டும் எழுத மறந்திருந்தேன்.

இப்படிச் சிரிப்பும் ஏச்சுமாக நாள் போய்க்கொண்டிருந்தாலும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கார்த்திகைக் கடைசிக்கு அப்பால் என் மனம் போக மறுத்தது. அவள் கீரை விதைக்கச் சொன்னால் சந்தோஷமாக விதைத்தேன். மூன்று கிழமையில் கறியாகிவிடும். வெண்டிக்கும் பயற்றைக்கும் உற்சாகமாகப் பாத்தி கட்டினேன். கத்தரி நாற்று நடும்போது கொஞ்சம் யோசனை வந்தது. மரவள்ளித் தடி ஊன்றச் சொன்னபோது கை தயங்கியது. கிழங்கு விழ எட்டு ஒன்பது மாதம் ஆகும். ஒவ்வொரு விதையையும் கையில் எடுக்கும்போது அது எத்தனை மாதப் பயிர் என்றுதான் முதலில் கணக்குப் பார்த்தேன். இவள் இருப்பாளா என்று கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் அது.

கிணற்றுக்குப் பின்னால் நிழலில் ஏழு தென்னம்பிள்ளைகள் நின்றன. மாட்டுக்கொட்டிலடித் தென்னையில் முற்றிய காய்களாகத் தெரிந்து, ஈர மணலில் பாதி புதையும்படி அவள் பதித்து வைத்தவை. ஆறேழு மாதத்தில் எல்லாம் முளைத்து, ஆளுக்கு நாலு ஓலை விட்டு, வாட்டசாட்டமாக நின்றன. வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுவேனே தவிர, அவற்றை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். தென்னை காய்க்க ஆறு வருடம் ஆகும்.

"அந்தப் பிள்ளையளுக்கு இன்னும் குழி வெட்டேல்லையே?" என்று அவள் இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டாள்.

"நிலம் கல்லா இருக்கு. மழை விழட்டும்."

"மழை விழுந்தாப் பிறகு ஆரும் குழி வெட்டுவினமோ? வெட்டின குழி வெயில்ல காயோணும். அது தெரியாதோ?"

"யானை வந்து திண்டிட்டுப் போயிடும். போன வருஷம் கடைசி வேலியடியில நிண்டதெல்லாத்தையும் திண்டது."

"வேலிக்குக் கிட்ட ஆர் நடச் சொன்னது? வீட்டுக்குக் கிட்ட நடுங்கோ."

நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். கந்தோரில் முடிவெடுக்க விருப்பமில்லாத கோப்பை அடியில் தள்ளிவைத்துப் பழகியவன்.

புரட்டாதி பாதியில் ஒரு மத்தியானம் என் பழைய கந்தோர்க் கூட்டாளி கிண்ணியாவிலிருந்து தன் சின்ன லொறியில் வந்தான். எனக்கு மூன்று வருடம் முன்பே ஓய்வு பெற்று, களப்புக் கரையோரம் தோட்டம் செய்கிறவன். எங்களுக்கென்று மிளகாய் நாற்றும் நாலு மூட்டை மாட்டெருவும் கொண்டு வந்திருந்தான். மனைவி சாப்பிட்டுவிட்டு உள்ளே நித்திரையாகியிருந்தாள். எருவை இறக்கி, கிணற்றடியில் கைகால் கழுவும்போது அவன் தென்னம்பிள்ளைகளைக் கண்டான்.

"நல்ல வாளிப்பா வந்திருக்கு, மச்சான். எப்ப நடப் போறாய்?"

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் வாய்தான் திறந்தது.

"இந்த வருஷம் எங்களுக்கு ஏலாது. நீ கொண்டு போய் நடு."

"தங்கச்சி சொன்னதா?" என் மனைவி அவனுக்குத் தங்கச்சி.

"ஓம்," என்றேன்.

ஏழையும் மணலோடு கிளப்பி அவனுடைய லொறியில் ஏற்றினோம். லொறி கண்டி வீதிப் பக்கம் திரும்பி மறைந்தபோது எனக்குத் தலைப்பாரம் இறங்கியது உண்மை. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை அவள் தானாக எழும்பி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மருந்து ஏற்றிய காலத்துக்குப் பிறகு அவ்வளவு தூரம் அவள் தனியாக நடந்தது அன்றுதான். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு நிறுத்தத் தோன்றியது. கூப்பிட்டு என்ன சொல்வது? மணலில் ஏழு பள்ளங்கள் அப்படியே கிடந்தன, அவற்றை மூடக்கூட எனக்குப் புத்தி இருக்கவில்லை. ஒவ்வொன்றாக அவற்றைப் பார்த்தாள். பிறகு வந்து கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

சொன்னேன்.

"எனக்கு எவ்வளவு காலம் எண்டு முடிவெடுத்திட்டீங்கள், என்ன?"

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பியிருப்பேன். தண்ணீர் கேட்பது போலக் கேட்டாள். நான் அவளுக்கு முன்னால் மண்ணில் குந்தினேன். என்னைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நீர் அதுகளைப் பதிக்கேக்க உமக்கு வருத்தம் எண்டு தெரியாது. தெரிஞ்சிருந்தா நீரும் பதிச்சிருக்க மாட்டீர்."

"தெரியும்," என்றாள்.

"தெரியுமோ?" என்றேன்.

"கட்டி தட்டுப்பட்டு மூண்டாம் நாள் பதிச்சனான். உங்களுக்குச் சொல்ல முன்னம். அண்டைக்கு நான் தனியா பஸ்ஸில இஞ்ச வந்தனான், நினைவிருக்கோ? மரக்கறிக்குத் தண்ணி விட எண்டு சொல்லிப்போட்டு."

நினைவிருந்தது. அன்று பின்னேரம் திரும்பி வந்து, சோறு போட்டுத் தந்து, நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"வார்ட்டில கிடக்கேக்க ஒவ்வொரு நாளும் இப்ப முளை வந்திருக்கும், இப்ப முதல் ஓலை வந்திருக்கும் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். ஆறு வருஷம் எண்டு எனக்குத் தெரியாதோ? தெரிஞ்சுதான் பதிச்சனான். நான் இருந்தாலும் இல்லாட்டியும் அதுகள் நிக்கட்டும் எண்டு. ஆனா இருப்பன் எண்டுதான் நினைச்சனான்." பிறகு, "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்கள் எண்டு நினைச்சன்," என்றாள்.

முப்பத்து நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்த ஒருத்தியை நான் அவ்வளவு தனியாக விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே நான் அவளை வழியனுப்பத் தொடங்கியிருந்தேன். அழுகை வந்தது. அவள் தன் இடது கையால் என் தலையைத் தொட்டு, "எழும்புங்கோ, எறும்பு கடிக்கும்," என்றாள்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தில் ஏறும்போது காற்று கடல் பக்கமிருந்து வந்து முகத்தில் அடித்தது. சோளகக் காற்று போய் மழை கொண்டுவரும் வாடை தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. கூட்டாளி தோட்டத்தில்தான் நின்றான். மூன்று பிள்ளைகளை ஏற்கெனவே நட்டுவிட்டிருந்தான். நாலு கிணற்றடி நிழலில் ஈரச் சாக்குப் போர்த்தி நின்றன. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் கறுத்தது.

"எனக்குப் பொய் சொல்லி ஹராமான சாமானைத் தந்திருக்காய், மச்சான்," என்றான். "அதுவும் சுகமில்லாத தங்கச்சிட சாமானை."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நட்ட மூன்றையும் கிளப்பப் போனான். நான் கையைப் பிடித்து மறித்தேன். மண் பிடித்த வேரை இரண்டாம் தடவை அசைத்தால் பிள்ளை பிழைப்பது சந்தேகம் என்று அவனுக்கும் தெரியும். மண்வெட்டியை மண்ணில் ஊன்றினான்.

"சரி. மூண்டும் இஞ்சயே நிக்கட்டும். ஆனா அது தங்கச்சிட மரம். நான் தண்ணி ஊத்துறன். முதல் குலை இளநி வெட்டக்க ரெண்டு பேரும் வந்து குடிங்க. இதைத் தங்கச்சிக்கிட்டப் போய்ச் சொல்லு, மறந்திடாம."

நாலு பிள்ளைகளையும் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கூட்டாளி சொன்னதைச் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கு இருக்கிற மூளை உங்களுக்கு இல்லை," என்றாள். அதை நான் மறுக்கவில்லை.

மறுநாள் விடிய அலவாங்கை எடுத்தேன். நிலம் கல்லாக இருக்கிறது என்று நான் சொன்ன பொய் மெய்யாகவே இருந்தது. ஒரு குழி மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். அலவாங்கால் இடித்து, மண்வெட்டியால் அள்ளி, ஒரு நாளைக்கு ஒரு குழி. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. கதிரையை அவள் குழிக்குக் குழி நகர்த்தச் சொல்லி, பக்கத்திலேயே இருந்தாள். இரண்டாவது குழிக்கு நான் அடையாளம் வைத்த இடத்தைப் பார்த்து, "இன்னும் அங்கால போங்கோ," என்றாள். "இருபத்தாறு அடி விடோணும். வளந்தாப் பிறகு ஓலையோட ஓலை முட்டும்." நாடா பிடித்து அளந்தோம். வளர்ந்த பிறகு என்று அவள் சொன்னபோது, முதல் தடவையாக நானும் மேலே நிமிர்ந்து, ஓலை எவ்வளவு தூரம் விரியும் என்று வெறும் வானத்தில் பார்த்தேன்.

குழிகள் பத்து நாள் வெயில் குடித்தன. அடியில் பொச்சு மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க, தண்ணீர் தங்கும்படி இரண்டு வரிசை அடுக்கினேன். அதன் மேல் ஒரு பிடி உப்பு, மேல்மண், கூட்டாளி தந்த எரு. ஐப்பசி பிறந்து நாலாம் நாள் காலை கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்து மண் நனைந்ததும் அவள் குடையோடு வெளியே வந்தாள்.

"நீர் உள்ளுக்கு இரும். காய்ச்சல் வரும்."

"நட்டாப் பிறகு இருக்கிறன்."

வலது கையை மண்ணில் வைக்கக்கூடாது. இடது கையால் பிள்ளையின் கழுத்தைப் பிடித்து நேராக நிறுத்தினாள். நான் மண்ணைத் தள்ளினேன். பிறகு காற்றுக்குச் சாயாமல் இருக்க மண்ணைக் காலால் இறுக்கி மிதிக்க வேண்டும். தனியாக மிதித்தால் அவளுக்கு நிலை தடுமாறும். குடையைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளையைச் சுற்றி இரண்டு பேரும் மழையில் அடி வைத்து அடி வைத்துச் சுற்றினோம். தலைத்துணி நனைந்து வழுகி விழுந்தது. புதிதாக முளைத்த மயிர் ஒரு விரல் அகலம்கூட இராது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. நாலாவது பிள்ளையையும் மிதித்து முடித்தபோது அவளுக்கு மூச்சு இளைத்தது. நான் அவளை ஒருவாறு அணைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போய், தலையைத் துவட்டி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். முழுக் கோப்பையையும் குடித்தாள்.

கார்த்திகைக் கடைசியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் கிளினிக்குக்குப் போனோம். அங்கே மர வாங்கில் இருந்து மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். என் பயம் எங்கேயும் போய்விடவில்லை. அவள் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, வயலில் வரம்பு உடைந்திருக்குமோ என்று கதைத்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் இளம் பெண், சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கதைப்பார். எல்லாத் தாள்களையும் விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, நல்லது என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். பிறகு ஒரு துண்டில் குளிசையின் பெயரை எழுதி எங்களிடம் நீட்டினார்.

"இது ஒவ்வொரு நாளும் ஒண்டு குடிக்கோணும். அஞ்சு வருஷம்."

எனக்குக் காது கேட்கும். முதல் தரமே தெளிவாகக் கேட்டது. ஒன்பது மாதமாக அந்தக் கட்டிடத்தில் எல்லாரும் கிழமைக் கணக்கிலும் மாதக் கணக்கிலும்தான் எங்களோடு கதைத்திருந்தார்கள். அவளைப் பற்றி வருடக் கணக்கில் ஒருவர் கதைத்தது அன்றுதான். ஐந்து வருடத்துக்கு மருந்து எழுதுகிறவர், ஐந்து வருடத்துக்கு ஆள் இருப்பாள் என்று நினைத்துத்தானே எழுதுகிறார்.

"எவ்வளவு காலம், டொக்டர்?" என்று கேட்டேன்.

தன்னுடைய தமிழ்தான் எனக்கு விளங்கவில்லை என்று நினைத்திருப்பார். பேனையை வைத்துவிட்டு, வலது கையின் ஐந்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டி, மெதுவாகச் சொன்னார்.

"அஞ்சு வருஷம், ஐயா."

மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் இன்னொருமுறை கேட்டேன்.